நெடுந்தூர ஓட்டமும் உடல் நெகிழ்வும்: ஹேவாஹெட்டப் பிரதேசத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

(1)

நடத்தலும் ஓடுதலும் மனிதருக்கு இயல்பாகவே கைவந்தவை, அவற்றைக் கற்பிக்க வேண்டுவதில்லை என்னும் கருத்து நம்மிடையே பரவலாக நிலவுகின்றது. நீச்சலுக்குப் பயிற்றுநர் வேண்டும், ஆடலுக்கு ஆசான் வேண்டும். ஓட்டத்துக்கோ கால்களே போதும் என்பர். இக்கருத்தின் மலையக வடிவமொன்றும் உண்டு. கண்டிக்குத் தென்கிழக்கேயுள்ள ஹேவாஹெட்ட, தெல்தோட்டை, கலஹா முதலான தேயிலைப் பிரதேசங்களின் பிள்ளைகள் பிறவியிலேயே ஓட்டக்காரர் என்பதே அது. மேடும் பள்ளமுமான பாதையிற் பாடசாலைக்கு நடந்துசெல்லும் பிள்ளைக்கு நெடுந்தூர ஓட்டம் தானாகவே வந்துவிடும் எனக் கூறுவோர் பலர். பாராட்டுப்போலத் தோன்றும் இக்கூற்றின் மறுபக்கத்தை மனங்கொள்ளல் வேண்டும். பிறவியிலேயே வந்ததொன்றுக்கு மைதானம் எதற்கு, பயிற்றுநர் எதற்கு, போதிய உணவுதான் எதற்கு என்னும் முடிவுக்கே அது ஈற்றில் இட்டுச்செல்கின்றது.

ஆகவே இரு வினாக்களை எடுத்துக்கொள்வோம். நெடுந்தூர ஓட்டத்தில் நல்ல ஓட்டநிலை என்பதும், ஓடும்போது உடல் நெகிழ்ந்திருத்தல் என்பதும் யாவை? அவை எங்கிருந்து வருகின்றன? முதலாவது வினாவுக்கு உடற்றொழிலியல் விடை தருகின்றது. இரண்டாவதற்கு உழைப்பின் வரலாற்றையும் நாம் நோக்க வேண்டியுள்ளது.

(2)

முதலிற் சொல் பற்றிய தெளிவு அவசியமாகும். ஆங்கிலப் பயிற்சி நூல்கள் வற்புறுத்தும் நிலையைத் தமிழில் ‘தளர்வு’ என மொழிபெயர்ப்பது வழக்கம். ஆயின் தமிழில் தளர்ச்சி என்பது சோர்வையும் வலுவிழத்தலையுமே பெரிதும் உணர்த்துவது. நடை தளர்ந்தது, மனம் தளர்ந்தது என்னும் வழக்குகளில் இப்பொருளே பயில்கின்றது. ‘உடலைத் தளர விடு’ எனப் பயிற்றுநர் கூறின், மாணவன் வேகத்தைக் குறைக்கச் சொல்வதாகவே கொள்வான். இங்கு கருதப்படுவது சோர்வன்று. வேலை செய்ய வேண்டிய தசை வேலை செய்ய, அவ்வேலையிற் பங்கற்ற தசை சும்மா இருப்பதே கருதப்படுகின்றது. ஆதலின் ‘நெகிழ்வு’ என்னும் சொல்லையே நாம் ஆளுகின்றோம். இதன் எதிர்நிலை ‘இறுக்கம்’ ஆகும்.

உடலின் அசைவுகள் இயற்கையாய் அமைந்தவை அல்ல, சமூகத்தாற் கற்பிக்கப்படுபவை என்பதை 1934 இல் ‘உடலின் நுட்பங்கள்’ பற்றி ஆற்றிய உரையில் பிரெஞ்சு மானிடவியலறிஞர் மார்செல் மோஸ் விளக்கினார். அவர் காட்டிய சான்றுகளுள் ஒன்று நமது பொருளோடு நேரே தொடர்புடையது. கைமுட்டிகளை மார்போடு ஒட்டிப் பிடித்து ஓடுமாறு இளமையில் அவருக்குக் கற்பிக்கப்பட்டது. ஓட்டத்தின் இயக்கத்துக்கே அது முரணானது என்பதை, 1890 அளவில் தொழில்முறை ஓட்டக்காரரைக் கண்ட பின்னரே அவர் உணர்ந்தார். தவறான ஓட்டநிலையும் கற்றுக்கொள்ளப்பட்டதே என்பது இதனாற் புலனாகும். கற்றுக்கொள்ளப்பட்டதெனின் மாற்றவும் இயலும்.

(3)

நெடுந்தூர ஓட்டக்காரரை மதிப்பிடுவோர் ஒருவரது உடல் உச்ச அளவில் எவ்வளவு ஒட்சிசனைப் பயன்படுத்த வல்லது என்பதை முன்னர் பெரிதாகக் கொண்டனர். அது மாத்திரம் போதாதென்பதை அவுஸ்திரேலிய ஓட்டவீரர் டெரெக் கிளேற்றன் நன்கு உணர்த்தினார். 1969 இல் மரதன் தூரத்தை 2 மணி 8 நிமிடம் 34 செக்கனில் ஓடியவராகிய அவரது ஒட்சிசன் உச்ச அளவு, நிறையின் கிலோகிராம் ஒன்றுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 70 மில்லிலீற்றர் மட்டுமே. முன்னணி வீரர் பலர் இதனை விஞ்சியிருந்தனர். அவரது சிறப்பு, ஒரு குறித்த வேகத்திற் பிறரைக்காட்டிலும் குறைந்த ஒட்சிசனைச் செலவிட்டு ஓடியமையாகும். இதனை ஓட்டச் சிக்கனம் எனலாம். நல்ல ஓட்டநிலை என்பதன் பொருள் இச்சிக்கனமே. பார்ப்பவர் கண்ணுக்கு அழகாயிருத்தல் இதற்கு அளவுகோலாகாது.

இவ்வேறுபாட்டுக்கு எமில் சாட்டோபெக் தக்க உதாரணமாவார். செக்கோசிலோவாக்கியாவின் சிலின் நகரிற் சப்பாத்துத் தொழிற்சாலையில் வேலைசெய்த இளைஞர் அவர். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5000 மீற்றர், 10000 மீற்றர், மரதன் ஆகிய மூன்றிலும் வென்றார். முகத்தைக் கோணி, தலையை ஒருபுறம் சாய்த்து, தோள்களை உலுக்கி அவர் ஓடியமை பார்த்தோரைத் திகைக்க வைத்தது. எனினும் இடுப்புக்குக் கீழே அவரது கால்கள் தேவையற்ற அசைவின்றி, ஒழுங்கான தாளத்தில் இயங்கின. முகத்தை மட்டும் நோக்கியவர்கள் இதனைக் காணத் தவறினர்.

சிக்கனமான ஓட்டத்தின் கூறுகள் சிலவற்றைச் சுருங்கக் கூறலாம். தலை தோள்களின் மேல் நேராக அமைய, பார்வை சில மீற்றர் முன்னே நிலத்திற் படிதல் வேண்டும். உடல் இடுப்பில் மடியாது, கணுக்காலிலிருந்து சற்றே முன்சாய்தல் நன்று. முழங்கை ஏறத்தாழச் செங்கோணமாக மடிந்திருக்க, கை தோளிலிருந்து முன்னும் பின்னும் அசைய வேண்டும். மார்பைக் கடந்து மறுபுறம் செல்லின் உடல் முறுகும். பாதம் உடலுக்கு வெகுமுன்னே நீண்டு விழாமல் உடலின் கீழேயே நிலத்தைத் தொடுதல் முக்கியமானது. முன்னே நீண்டு விழும் ஒவ்வோரடியும் ஓட்டத்தைத் தடுக்கும் தடையாகின்றது. 1984 இல் லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கிற் போட்டியிட்டோரின் காலடிகளை எண்ணிய ஜாக் டானியல்ஸ் என்னும் உடற்றொழிலியலாளர், நெடுந்தூர ஓட்டக்காரருட் பெரும்பாலோர் நிமிடத்துக்கு 180 அடிகள் அளவிலோ அதற்கு மேலோ வைத்தமையைக் கண்டார். குறுகிய, விரைந்த, மென்மையான அடிகளே சிக்கனமானவை என்பதற்கு இது சான்றாகக் கொள்ளப்படுகின்றது.

எனினும் இக்கூறுகளை வாய்பாடாக்கி மாணவர்மீது திணித்தல் தவறு. கவனாக், வில்லியம்ஸ் ஆகியோர் 1982 இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சி பெற்ற ஓட்டக்காரர் தாமாகத் தேர்ந்துகொண்ட அடிநீளம் அவர்களுக்குச் சிக்கனமான நீளத்தை அண்மித்ததாகவே பெரிதும் இருந்தது. அதனின் நீட்டியோ குறுக்கியோ ஓடச்செய்தபோது ஒட்சிசன் செலவு கூடியது. நீண்டகாலப் பயிற்சியில் உடல் தானே கற்றுக்கொள்ளும் அறிவும் ஓர் அறிவே. பயிற்றுநரின் பணி வெளிப்படையான இறுக்கங்களையும் தடைகளையும் நீக்குவதாகும். எல்லோரையும் ஒரே அச்சில் வார்ப்பதன்று.

(4)

இனி நெகிழ்வின் இயக்கத்தை நோக்குவோம். தசைகள் இணையிணையாக எதிரெதிரே அமைந்துள்ளன. தொடையின் முன்தசை முழங்காலை நீட்டும். பின்தசை அதனை மடக்கும். ஒன்று சுருங்கும்போது மற்றையது தளர்வதற்கான ஆணையை நரம்பு மண்டலம் உடன்நிகழ்வாகவே வழங்குகின்றது என்பதைச் சாள்ஸ் செரிங்ரன் ஆய்ந்து காட்டினார். நரம்பியல் ஆய்வுகளுக்காக 1932 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. களைப்பும் அச்சமும் மேலிடும்போது இவ்வொழுங்கு குலைகின்றது. எதிரெதிர்த் தசைகள் ஒருங்கே இறுகுகின்றன. ஒரு தசையின் உழைப்பை மற்றொரு தசை தின்றுவிடுகின்றது எனலாம்.

ஓட்டத்தின் பிற்பகுதியில் இதனை எவரும் கண்ணாற் காணலாம். தோள்கள் காதை நோக்கி உயரும், கைமுட்டி இறுகும், தாடை பூட்டிக்கொள்ளும், மூச்சு மேலோட்டமாகும். கால்கள் முதலிற் களைத்துவிட்டனவென ஓடுபவர் எண்ணுவார். பல வேளைகளில் இறுக்கம் தோளிலும் கையிலும் தொடங்கியே கால்களை அடைகின்றது. பாதம் நிலத்தைத் தொடுகையில் குதிகால் நாண் நீண்டு, பின் சுருள்வில்லைப் போல் மீண்டு, உடலை முன்னே தள்ள உதவுகின்றது. தசைகள் உரிய கணத்தில் இறுகி உரிய கணத்தில் நெகிழும்போதே இவ்விலவசமான உந்தல் முழுமையாகக் கிட்டும்.

நெகிழ்வைக் கற்பிக்கலாம் என்பதை எட்மண்ட் ஜேக்கப்சன் என்னும் அமெரிக்க மருத்துவர் 1929 இல் வெளியிட்ட நூலிற் காட்டினார். ஒரு தசையை வேண்டுமென்றே இறுக்கி, அவ்விறுக்கத்தை உணர்ந்து, பின்னர் விடுவித்தல் அவரது முறையின் அடிப்படை. இறுக்கத்தை இனங்காணாதவர் அதனை விடுவிக்கவும் இயலாது என்பது அதன் உட்பொருள். கலிபோர்னியாவிலுள்ள சான் ஹொசே அரச கல்லூரியின் பயிற்றுநர் பட் வின்ரர், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் விமானிகளுக்கு நெகிழ்வுப் பயிற்சி அளித்தவர். பின்னர் அதே அறிவைக் குறுந்தூர ஓட்டக்காரருக்குப் பயன்படுத்தினார். தாடையையும் கைகளையும் நெகிழ விட்டு ஓடுக என்பது அவரது போதனையின் சாரம். அவரிடம் பயின்ற கறுப்பின இளைஞர்களாகிய டொமி சிமித்தும் ஜோன் கார்லோசும் 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கின் 200 மீற்றர் ஓட்டத்திற் பதக்கம் வென்று, இனவொடுக்குமுறைக்கு எதிராக மேடையிற் கைமுட்டியை உயர்த்தினர். அதன் விலையாக ஒலிம்பிக் கிராமத்திலிருந்து அவர்கள் வெளியேற்றப்பட்டனர். விளையாட்டரங்கினுள் உடல் நெகிழலாம். வெளியேயுள்ள சமூக இறுக்கத்தைத் தனியொருவரின் பயிற்சி தளர்த்திவிடாது என்பதை அவர்களின் அனுபவம் உணர்த்துகின்றது.

(5)

இவ்வறிவை ஏந்திக்கொண்டு ஹேவாஹெட்டப் பிரதேசத்துக்குத் திரும்புவோம். ஜேம்ஸ் டெயிலர் 1867 இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதோடு இலங்கையின் வர்த்தகத் தேயிலைச் செய்கை இங்குதான் தொடங்கிற்று. அதற்கு முன்னர் இம்மலைகள் கோப்பித் தோட்டங்களாயிருந்தன. தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியே மாத்தளைவரை கால்நடையாக வந்து கண்டிச் சீமையின் மலைகளில் ஏறினர். பலர் வழியிலேயே மாண்டனர். மலையகத் தமிழரின் வரலாறு இவ்வாறு ஒரு நெடுநடையிலேயே தொடங்குகின்றது.

தோட்டத்து வாழ்வில் ஓட்டத்தோடு ஒட்டிய தொழிலாளர் ஒருவரும் இருந்தார். தபாற்பையைச் சுமந்து, தோட்டத்துக்கும் தபாற்கந்தோருக்கும் இடையே நாள்தோறும் மலைப்பாதையில் விரைந்த தப்பால்காரரே அவர். ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குக் கோல் மாறும் ஓட்டத்தைத் தமிழில் அஞ்சலோட்டம் என்கின்றோம். கடிதம் சுமந்தோடிய உழைப்பாளரின் நினைவை அச்சொல் இன்றும் தாங்கிநிற்கின்றது. எனினும் விளையாட்டின் வரலாற்றை எழுதுவோர் இவ்வுழைப்பாளரை ஓட்டக்காரராகக் கணித்ததில்லை.

கொழுந்து பறிக்கும் பெண்ணின் உடல் நுட்பம் இதனினும் கவனத்துக்குரியது. இடுப்பிற் படங்கு கட்டி, கூடையின் கயிற்றை உச்சந்தலையில் மாட்டி, முதுகிற் சுமையுடன் செங்குத்தான மலையில் அவள் ஏறியிறங்குகின்றாள். கழுத்தும் முதுகும் ஒரே நேரில் அமைய, அடி குறுகி, பாதம் உடலின் கீழேயே பதிகின்றது. விரல்களோ கொழுந்தைக் கசக்காது கிள்ளிச் சேர்க்கின்றன. ஓடுகையிற் கை எவ்வளவு இறுகலாம் என்பதற்கு இதனினும் நல்ல அளவுகோல் இல்லை: உள்ளங்கையிலுள்ள கொழுந்து கசங்காத அளவே அது.

இந்நுட்பத்தின் பெறுமதியை உணர ஆபிரிக்க ஆய்வொன்று உதவும். கென்யாவின் லுவோ, கிக்குயு இனப் பெண்களைப் பற்றி மலோயும் அவரது குழுவினரும் செய்த ஆய்வு 1986 இல் வெளிவந்தது. முன்னவர் தலைமேலும், பின்னவர் நெற்றியில் மாட்டிய வாரினால் முதுகிலும் சுமப்பவர். தம் நிறையின் ஐந்திலொரு பங்கு வரையான சுமையை மேலதிக சக்திச் செலவின்றியே அவர்கள் சுமந்து நடந்தனர் என்பது அதன் முடிவு. சிறுவயது முதலே பழகியதால் உடல் தேர்ந்துகொண்ட சிக்கனம் இது. கை உழைப்பின் கருவி மாத்திரமன்று, உழைப்பின் விளைவும் ஆகும் என 1876 இல் ஏங்கெல்ஸ் எழுதியமை இங்கு நினைவுகூரத்தக்கது. கைக்குக் கூறியது காலுக்கும் தோளுக்கும் பொருந்தும். மலையகப் பிள்ளையிடம் நல்ல ஓட்டநிலை காணப்படுமாயின், அது பிறவிக்கொடையன்று. ஐந்தாறு தலைமுறை உழைப்பாளர் ஒருவரைப் பார்த்தொருவர் கற்று வழங்கிய பண்பாட்டுச் செல்வமாகும்.

(6)

ஆயின் உழைப்பைப் போற்றுகையில் வறுமையைப் போற்றும் தவறும் நேர்ந்துவிடலாம். இங்கு இரு மயக்கங்களைக் களைதல் வேண்டும். முதலாவது வெறுங்கால் பற்றியது. வெறுங்காலோடு ஓடிப் பழகியோர் குதிகாலை ஓங்கி ஊன்றாது முன்பாதத்தாலோ நடுப்பாதத்தாலோ மெதுவாக இறங்குகின்றனர் என 2010 இல் டானியல் லீபர்மன் குழுவினர் காட்டினர். இது உண்மையே. ஆனால் 1960 இல் ரோமில் வெறுங்காலோடு மரதன் வென்ற எத்தியோப்பியரான அபேபே பிக்கிலா, 1964 இல் டோக்கியோவிற் சப்பாத்தணிந்து மூன்று நிமிடம் விரைவாக ஓடி மீண்டும் வென்றார். வெறுங்காலில் ஓடுவதைத் தேர்ந்துகொள்வது வேறு. சப்பாத்து வாங்க இயலாமை வேறு.

இரண்டாவது மயக்கம் உயரம் பற்றியது. மலைவாழ்வு குருதியின் ஒட்சிசன் கொள்ளளவைக் கூட்டும் என்பர். இப்பயன் பொதுவாக 2000 மீற்றர் அளவிலான உயரங்களிலேயே குறிப்பிடத்தக்கதாகின்றது. ஹேவாஹெட்டத் தோட்டங்கள் அவ்வுயரத்துக்கு வெகு கீழேயுள்ளன. இங்கு பயிற்சிக்கு உதவுவது சரிவேயன்றி உயரமன்று. ஏற்றத்தில் வேகத்தைப் பேண முயலாது, மூச்சின் அளவைப் பேணி அடியைக் குறுக்குதல் வேண்டும். இறக்கத்தில் பின்சாய்ந்து குதிகாலால் தடுத்தால், தொடைத்தசை நீண்டுகொண்டே சுருங்க நேர்ந்து மறுநாள் நோவெடுக்கும். விரைந்த சிற்றடிகளோடு சரிவின் போக்கிலேயே இறங்குதல் நன்று.

எல்லாவற்றுக்கும் மேலாக, நெகிழ்வுக்கு ஓய்வும் உணவும் வேண்டும். 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார மதிப்பாய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரமற்றோர் நாடு முழுவதிலும் ஏறத்தாழ 17 வீதம். பெருந்தோட்டத் துறையிலோ ஏறத்தாழ 32 வீதம். விடியுமுன் எழுந்து, சமைத்து, பெரட்டுக்குச் சென்று, மலையில் எடை நிரப்பாவிட்டால் அரைப்பேர் விழும் என்னும் அச்சத்தோடு பறித்து, மாலையில் லயத்துக்கு மீண்டு மறுபடியும் அடுப்பை மூட்டும் தாயின் உடலில் நெகிழ்வுக்கு இடமேது? அவளது வேலையைப் பகிர்வதற்காக மைதானத்தைக் கைவிட்டு வீடு திரும்பும் மகளின் ஓட்டம் அங்கேயே நின்றுபோகின்றது. உழைப்பு உடலுக்குச் சிக்கனத்தைக் கற்பிக்கின்றது. உழைப்பைச் சுரண்டும் உற்பத்தி உறவுகளோ, கற்ற அச்சிக்கனத்தை ஓய்வின்மையால் இறுக்கமாக மாற்றுகின்றன. இம்முரண்பாடே நமது பொருளின் மையமாகும்.

முறையான பயிற்சி கிடைத்தால் விளைவு என்னவாகும் என்பதற்குச் சான்றுகள் இல்லாமலில்லை. 1970 பாங்கொக் ஆசிய விளையாட்டு விழாவில் 5000, 10000 மீற்றர் இரண்டிலும் இலங்கையின் லூசியன் ரோசா தங்கம் வென்றார். அண்மைக் காலத்தில் மலையகத்தைச் சேர்ந்த குமார் சண்முகேஸ்வரன் 10000 மீற்றர் ஓட்டத்தில் தேசிய மட்டத்தில் வெற்றிகளை ஈட்டியுள்ளார். தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்த லட்சுமணன் 2017 இற் புவனேசுவரில் நடைபெற்ற ஆசிய மெய்வல்லுநர் போட்டியில் இவ்விரு தூரங்களிலும் தங்கம் பெற்றார். பின்னிருவரும் தத்தம் நாட்டு இராணுவ அணிகளைச் சார்ந்து ஓடியவர்கள் என்பது கருதத்தக்கது. நேரத்துக்கு உணவு, பயிற்சிக்கெனப் பொழுது, பயிற்சியின் பின் உறக்கம் ஆகியவற்றை உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்கு இராணுவமே உறுதிசெய்யும் நிலை நமது பாடசாலைகளைப் பற்றியும் தோட்டங்களைப் பற்றியும் எதனை உணர்த்துகின்றது என்பதைச் சிந்திக்க வேண்டும்.

(7)

முடிவாக, செய்யத்தக்கவை சிலவற்றைக் கூறலாம். பணச் செலவின்றி இன்றே தொடங்கக்கூடியவை முதல்வகையின. கைமுட்டியை ஐந்து செக்கன் இறுக்கி விடுவித்தல், தோள்களை உயர்த்தி விழவிடுதல் ஆகியவற்றை ஓட்டத்துக்கு முன்னரும் இடையிலும் பழக்கலாம். நூறு மீற்றர் அளவான சமதரையில் முழுவேகத்துக்குச் சற்றுக் குறைவாக, முகமும் கையும் நெகிழ, ஆறேழு முறை ஓடி, ஒவ்வொரு முறையும் மெல்ல நடந்து திரும்பலாம். நீண்ட ஓட்டத்திற் சில நிமிடங்களுக்கொருமுறை தாடை, தோள், கை என வரிசையாக மனத்தால் தொட்டுப்பார்க்கப் பிள்ளையைப் பழக்கலாம். இதற்கு விளையாட்டாசிரியர்தான் வேண்டுமென்பதில்லை. அக்கறையுள்ள எந்த ஆசிரியரும் போதும்.

இரண்டாவது வகையின போராடிப் பெறவேண்டியவை. தோட்டப் பாடசாலைக்கு ஒரு சமதரை மைதானம், காலையுணவு, பெண்பிள்ளைக்கும் உரிய விளையாட்டு நேரம், அவளது தாய்க்கு வாழப் போதுமான கூலியும் ஓய்வும் என்பன அவை. இவற்றைக் கோருவது விளையாட்டின் பெயரால் அரசியல் பேசுவதாகாது. இவை இன்றி நெகிழ்வு பற்றிப் பேசுவதே வெறும் உபதேசமாகும்.

மூன்றாவது பணி நமது தமிழ்ச் சங்கத்தைச் சார்ந்தது. ஏறுதல், இறங்குதல், சுமத்தல், மூச்சுவாங்குதல், இளைப்பாறுதல் ஆகியவை பற்றித் தோட்டத்துப் பேச்சுவழக்கில் பயிலும் சொற்களை நாம் இன்னும் முறையாகத் தொகுக்கவில்லை. தப்பால் சுமந்தவரும் கொழுந்து பறித்தவரும் தம் உடலைப் பற்றி அறிந்தவற்றை அவர்தம் வாய்மொழியிலேயே பதிவுசெய்தல் மலையக ஆய்வின் ஒரு கூறாக அமைதல் வேண்டும். ஓட்டப் பயிற்சிக்கான தமிழ்க் கலைச்சொற்களும் அத்தொகுப்பிலிருந்து பிறக்கக்கூடும். முதியோர் பலர் இன்னும் லயங்களில் வாழ்கின்றனர். காலந்தாழ்த்தாது அவர்களிடம் செல்லுதல் நம் கடமையாகும்.